ரேடியோவை மாற்றுவதா, ஆன்டெனா போடுவதா?

கொடைக்கானல் பண்பலையின் 100.5 மெகாஹெர்ட்ஸ் ஒலிபரப்பை மதுரை, தேனி, திண்டுக்கல் மக்கள் உள்ளூர் நிலையமாகவே கேட்கிறார்கள். எந்த செட்டைத் திருப்பினாலும் தெளிவாக வந்து நிற்கும். அதே நிலையத்தைத் தேடிக் கிழக்கே வாருங்கள். புதுக்கோட்டையைத் தாண்டி அறந்தாங்கி, பேராவூரணி, பட்டுக்கோட்டை என்று போகப் போக நிலைமை மாறுகிறது. வாசலில் கேட்கும், அடுப்படிக்குள் கொண்டுபோனால் இரைச்சல்தான் மிஞ்சும். பகலில் சுமாராக வரும், விடியற்காலையில் வேறொரு நிலையம் மேலே ஏறிவிடும். ரேடியோவை ஜன்னல் கம்பியில் சாய்த்து, ஏரியலை ஒரு கோணத்தில் நிறுத்திவிட்டு, ‘யாரும் அதைத் தொடாதீங்க’ என்று சொல்லும் வீடுகள் அந்தப் பக்கம் நிறைய உண்டு.

அப்படி ஒரு வீட்டில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நல்ல செட் வாங்கலாம். அல்லது பழைய செட்டையே வைத்துக்கொண்டு மாடியில் ஆன்டெனா ஏற்றலாம். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லை. எது முதலில்?

கடையில் கேட்டால் செட்டைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். ‘இது நல்லா இழுக்கும்ணே’ என்ற சொல்லை நம்பி வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, அதே ஜன்னலில் அதே கரகரப்பைக் கேட்டவர்கள் பலர். இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடைபோட்டால் என் கை பெரும்பாலும் ஆன்டெனா பக்கம்தான் சாய்கிறது. ஆனால் ஒரு சில இடங்களில் ஆன்டெனாவுக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண். அந்த இடங்கள் எவை என்று தெரியாமல் முடிவெடுக்கக் கூடாது.

மலையும் மாடியும்

முதலில் சிக்னல் எப்படி வந்து சேருகிறது என்று பார்த்துவிடலாம். மத்திய அலை நிலத்தைத் தழுவிக்கொண்டு போகும். சிற்றலை வானத்தில் பட்டுத் திரும்பி வரும். பண்பலைக்கு இந்த இரண்டு வழிகளும் வழக்கத்தில் இல்லை. அது ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது. பூமி வளைந்திருப்பதால் ஒரு தூரத்துக்கு மேல் தரையே அதை மறைத்துவிடும். அந்தத் தூரத்தைத் தாளில் கணக்கிடலாம். கோபுர உச்சியின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். சமவெளியில் 100 மீட்டர் உயரக் கோபுரம் என்றால் 41 கி.மீ. கொடைக்கானல் நகரம் இருப்பதே கடல்மட்டத்துக்கு 2,100 மீட்டருக்கு மேலே. 2,100-ஐ வைத்துக் கணக்கிட்டால் 189 கி.மீ. வருகிறது. ஒரு மலை செய்யும் வேலையை எந்த இரும்புக் கோபுரமும் செய்ய முடியாது.

கேட்பவர் பக்கமும் இதே கணக்குதான். ரேடியோ தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் இன்னும் 5 கி.மீ. சேரும். மாடிக்கு மேல் குழாய் நட்டு 9 மீட்டருக்குக் கொண்டுபோனால் 12 கி.மீ. சேரும். ஆக, கையிலிருக்கும் செட்டுக்கு எல்லை 194 கி.மீ.; மாடி ஆன்டெனாவுக்கு 201 கி.மீ. கொடைக்கானலிலிருந்து அறந்தாங்கி நேர்கோட்டில் சுமார் 165 கி.மீ., பட்டுக்கோட்டை ஏறக்குறைய 200 கி.மீ. பட்டுக்கோட்டையில் ஒரே வீட்டின் கூடம் எல்லைக்கு வெளியே, மொட்டைமாடி எல்லைக்கு உள்ளே. நடைமுறையில் எல்லை இவ்வளவு கறாராக இருப்பதில்லை. அதைத் தாண்டியும் சிக்னல் மெலிந்துகொண்டே போகும். இருந்தாலும் ஒரு மாடி ஏறினால் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்ற கேள்விக்கு இந்தக் கணக்கு நல்ல பதில்.

நடுவில் சிறுமலை வேறு நிற்கிறது. கொடைக்கானலிலிருந்து அறந்தாங்கிக்கு வரைபடத்தில் கோடு இழுத்தால் அது சிறுமலை மேலேயே போகும். சிக்னல் அந்த முகட்டில் ஒரு பங்கை இழந்து, முகட்டைத் தாண்டி வளைந்து இறங்கித்தான் கிழக்குச் சமவெளிக்கு வருகிறது. பக்கத்து ஊரில் நன்றாகக் கேட்பது நம் ஊரில் மங்கலாக இருப்பதற்கு, குறுக்கே நிற்கும் இப்படிப்பட்ட மலையும் குன்றும் காரணமாகலாம். செட்டைக் குறைசொல்லிப் பயனில்லை.

நல்ல செட் என்ன செய்யும்

இப்போது முதல் வழி. பத்திருபது ஆண்டுகளுக்கு முன்புவரை சில நூறு ரூபாய் செட்டுகளுக்கு உள்ளே பெரும்பாலும் சோனியின் சிஎக்ஸ்ஏ 1191 போன்ற ஒரு சிப்பும், 10.7 மெகாஹெர்ட்ஸில் வேலைசெய்யும் ஒரு பீங்கான் ஃபில்டரும்தான் இருக்கும். செலவைக் குறைப்பதற்காக அந்த ஃபில்டரை அகலமானதாகப் போட்டுவிடுவார்கள். 280 கிலோஹெர்ட்ஸ் அகலம் சாதாரணம். சல்லடைக் கண் பெரிதானால் மாவோடு தவிடும் இறங்கும். அகலமான ஃபில்டரில் நாம் வைத்த நிலையத்தோடு அடுத்த நிலையமும் சேர்ந்து இறங்கும்.

பிறகு வந்த செட்டுகளில், சிக்னலை எண்களாக்கிக் கணக்குப் போட்டுப் பிரிக்கும் டிஎஸ்பி சிப்புகள் குடியேறின. டெக்சன் பிஎல் 310 இடி, எக்ஸ்எச்டேட்டா டி 808 போன்ற கைச்செட்டுகளில் இருப்பது சிலிக்கான் லேப்ஸ் நிறுவனத்தின் 4734, 4735 வரிசைச் சிப்புகள். இவற்றில் ஃபில்டர் ஒரு பொருளாக இல்லை, கணக்காக இருக்கிறது. அதன் அகலத்தை 110, 84, 60, 40 கிலோஹெர்ட்ஸ் என்று குறுக்கிக்கொண்டே போகலாம். சில செட்டுகளில் இது தானாகவே நடக்கும். 200 கிலோஹெர்ட்ஸ் தள்ளியிருக்கும் ஒரு பலத்த நிலையத்தை ஒதுக்கிவிட்டு, மெலிந்த நிலையத்தை மட்டும் பிடித்துத் தருவதில் பழைய செட்டு இதன் கிட்டே வராது.

பிஎல் 310 இடியில் நான் மிகவும் மதிக்கும் இன்னொரு வசதி அதன் திரையில் தெரியும் இரண்டு எண்கள். ஒன்று சிக்னலின் பலம், மற்றொன்று சிக்னல் இரைச்சலைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்பது. காதை நம்பி ‘இப்ப பரவாயில்ல போலிருக்கே’ என்று தடுமாற வேண்டியதில்லை. செட்டை ஒரு முழம் நகர்த்தினால் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கண்ணால் பார்க்கலாம். ஆன்டெனா போடுகிறவருக்கும் இது நல்ல கருவி.

ஆனால் செட்டால் முடியாத ஒன்று உண்டு. தன்னிடம் வந்து சேராத சிக்னலை அது உண்டாக்க முடியாது. சாதாரண செட்டுக்கும் நல்ல செட்டுக்கும் மெல்லிய சிக்னலைப் பிடிக்கும் திறனில் உள்ள வித்தியாசம் பொதுவாக ஒற்றை இலக்க டெசிபெல்லில் முடிந்துவிடும். கேட்கும்போது ஒரு படி தெளிவு கூடும், அவ்வளவுதான். இரைச்சலுக்குள் முழுகிக்கிடக்கும் நிலையத்தை அது மேலே தூக்கிவிடாது.

இங்கே காசில்லாத ஒரு மருந்தையும் சொல்லிவிட வேண்டும். ஸ்டீரியோவில் வைத்திருந்தால் மோனோவுக்கு மாற்றுங்கள். அதே அளவு தெளிவுக்கு ஸ்டீரியோவுக்கு மோனோவைவிட 20 டெசிபெல் அதிக சிக்னல் தேவைப்படுகிறது. தூரத்து நிலையத்தை ஸ்டீரியோவில் கேட்டுவிட்டு ‘ஒரே இரைச்சல்’ என்று அலுத்துக்கொண்டவர்கள் ஒரு பொத்தானை அழுத்தியதும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஏரியலைக் கையால் பிடித்தால் சத்தம் தெளிவாவதும், கையை எடுத்தால் மறுபடி கரகரப்பதும் எல்லோருக்கும் பழக்கம். 100 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 75 செ.மீ., ஏரியலுக்கு வேண்டும். கைச்செட்டின் ஏரியல் பெரும்பாலும் அதைவிடக் குட்டை. அதற்கு எதிர்ப்பக்கமாக வேலைசெய்ய வேண்டிய உலோகமும் அந்தச் சிறு பெட்டிக்குள் போதுமான அளவு இல்லை. நம் உடம்பு அந்தக் குறையை நிரப்புகிறது. எத்தனை ஆயிரம் ரூபாய் கைச்செட்டாக இருந்தாலும் இந்தக் குறை அதோடு கூடவே பிறந்தது.

மாடியில் ஏற்றினால்

இரண்டாவது வழியின் பலம் கணக்கிலேயே தெரிகிறது. ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்ததைப் பத்து மீட்டருக்கு ஏற்றினால் சுமார் 10 டெசிபெல் கூடும். கான்கிரீட் வீட்டுச் சுவர் விழுங்குவது இன்னொரு 10 டெசிபெல்லை ஒட்டி வரும். ஆன்டெனா வெளியே இருந்தால் அந்த இழப்பு இல்லை. மூன்று கம்பிகளை ஒரு தண்டில் வரிசையாக மாட்டி, ஒரு திசையை நோக்கி வைக்கும் யாகி ஆன்டெனா என்றால் வெறும் இருமுனைக் கம்பியைவிட இன்னொரு 5 டெசிபெல். கேபிளில் ஒன்றிரண்டு டெசிபெல் போகும். அதைக் கழித்த பிறகும் 20 டெசிபெல்லுக்குமேல் கையில் நிற்கிறது. 20 டெசிபெல் என்றால் நூறு மடங்கு சக்தி. எந்த செட்டை மாற்றினாலும் இந்த அளவு லாபம் கிடைக்காது.

இதை நம் ஊர் முன்பே அறிந்திருக்கிறது. இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி 1982-இல் தொடங்கியதும் தமிழ்நாட்டுக் கடலோர மாவட்டங்களில் வீட்டுக்கு வீடு இரும்புக் குழாய்கள் உயர்ந்தன. தொலைக்காட்சிப் பெட்டியை மாற்றி யாரும் ரூபவாஹினியைப் பிடிக்கவில்லை. ஆன்டெனாவை உயர்த்தித் திருப்பித்தான் பிடித்தார்கள். அங்கே ஒளிபரப்புக் கோபுரம் 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகல மலையில் இருந்தது. இடையில் கடல். கடல்மேல் காற்று அடுக்கடுக்காக நிற்கும் நாட்களில் அலை அந்த அடுக்குகளுக்கிடையே சிக்கி, கணக்கு சொல்லும் எல்லையைத் தாண்டி ஓடிவரும். இன்றும் ராமேஸ்வரம், வேதாரண்யம் பக்கம் இலங்கைத் தமிழ்ப் பண்பலைகள் கேட்பதற்குக் கடல்தான் பெரிய துணை.

அந்தக் காலத்துத் தொலைக்காட்சி ஆன்டெனா பல மாடிகளில் இன்னும் துருப்பிடித்த குழாயில் நிற்கிறது. தூர்தர்ஷனின் பழைய தரைவழி ஒளிபரப்புக் கோபுரங்கள் அநேகமாக மூடப்பட்டுவிட்டதால் அதற்கு வேலை இல்லை. அதையே ரேடியோவுக்குக் கொடுக்கலாமா? அப்படியே கொடுத்தால் ஏமாற்றம்தான். 5 முதல் 12 வரையிலான சேனல்களுக்கான ஆன்டெனா 174 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே வேலைசெய்வது; கம்பிகள் நமக்குப் போதாத குட்டை. சென்னைத் தொலைக்காட்சிக்காக வாங்கிய சேனல் 4 ஆன்டெனாவோ 61 முதல் 68 மெகாஹெர்ட்ஸுக்கானது, கம்பிகள் நீளம். நீளமானதை அறுக்கலாம், குட்டையை நீட்ட முடியாது. ஆக, சேனல் 4 ஆன்டெனா வைத்திருப்பவர் கொடுத்துவைத்தவர். அலுமினியக் குழாயும் நடுத்தண்டும் அவரிடம் தயாராக இருக்கின்றன.

100.5-க்கு அளவு இது. நடுவில் கேபிள் சேரும் கம்பி முனைக்கு முனை 1.42 மீட்டர், அதாவது பக்கத்துக்கு 71 செ.மீ. பின்னால் நிற்கும் கம்பி 1.50 மீட்டர். முன்னால், கொடைக்கானலைப் பார்த்து நிற்பது, 1.34 மீட்டர். கம்பிகளுக்கிடையே 50 முதல் 60 செ.மீ. இடைவெளி. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடக்குறைய இருந்தால் குடிமுழுகாது. கேட்பதற்கு மட்டுமான ஆன்டெனா பொறுத்துக்கொள்ளும். இதையும் செய்ய முடியாதவர்கள் இரண்டு 71 செ.மீ. செம்புக் கம்பியை ஒரு மூங்கிலில் கட்டி உயரத்தில் வைத்தாலே உயரத்தின் லாபமும் சுவரைத் தாண்டிய லாபமும் கிடைத்துவிடும்.

கேபிளுக்குக் கேபிள் டிவிக்காரர் இழுக்கும் அதே ஆர்ஜி 6 போதும். இந்த அலைவரிசையில் 15 மீட்டருக்கு ஒரு டெசிபெல் அளவுதான் இழக்கும். உண்மையான இழப்பு கேபிளில் இல்லை, இணைப்பில் இருக்கிறது. மாடியில் இரண்டு மழைக்காலம் கிடந்த ஓர் இணைப்பைப் பிரித்துப் பாருங்கள். வெளிப்பின்னல் கறுத்திருக்கும், நடுக்கம்பியில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். கடற்கரையை ஒட்டிய ஊர் என்றால் உப்புக்காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். தண்ணீர் கேபிளின் வெளித்தோலுக்குள் புகுந்துவிட்டால் உள்ளுக்குள்ளேயே பல அடி இறங்கிப் போகும். முனையை மட்டும் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவினால் போதாது. இணைத்த உடனேயே சுயமாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இறுக்கிச் சுற்றி, கேபிளை இணைப்புக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டுக் கட்ட வேண்டும். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்.

திசை பிடிக்க இரண்டு பேர் வேண்டும். மாடியில் ஒருவர் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப, கீழே ஒருவர் திரையில் எண்ணைப் படிக்க வேண்டும். ‘மாமா, இன்னும் கொஞ்சம் மேற்க... ஏறுது... ஏறுது... ஐயோ, தாண்டிட்டீங்க’ என்று கத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கம்பிகளைப் படுக்கையாக வைத்துப் பார்த்ததும் நிமிர்த்தி வைத்தும் ஒருமுறை பாருங்கள். நிலையம் அலையை எப்படி அனுப்புகிறது, வழியில் அது எப்படித் திரும்புகிறது என்பதைப் பொறுத்து ஒன்று மற்றதைவிட நன்றாக வரும்.

ஆன்டெனா ஏறியாயிற்று, செட்டில் எப்படிக் கொடுப்பது? பல கைச்செட்டுகளில் வெளி ஆன்டெனாவுக்குத் துளை கிடையாது. சிலவற்றில் துளை இருந்தாலும் அது சிற்றலைக்கு மட்டும் வேலைசெய்யும்; வாங்குமுன் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். துளை இல்லாத செட்டில் கேபிளின் நடுக்கம்பியை ஒரு கிளிப்பால் ஏரியலில் மாட்டி, வெளிப்பின்னலைப் பேட்டரியின் எதிர்முனைத் தகட்டில் தொட வைத்தால் வேலை நடக்கும். இதைவிட மேலான வழி பழைய கார் ஸ்டீரியோ. ஓடிக்கொண்டே கேட்பதற்காகச் செய்யப்பட்டது என்பதால் அதன் ரிசீவர் மெல்லிய சிக்னலுக்கும் பலத்த சிக்னலுக்கும் ஈடுகொடுக்கும். உலோகப் பெட்டிக்குள் இருக்கிறது. கேபிளை நேரடியாகச் சொருக வசதி உண்டு. 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். சோலார் தகடோடு சின்ன பேட்டரி வைத்திருக்கும் தோட்டத்து வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ரேடியோ கிடையாது. ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டியின் செட்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அங்கே பண்பலை 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்குவதால் பழைய செட்டுகள் 90-லேயே நின்றுவிடும்.

பூஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக்குள் செட்டின் பக்கத்தில் வைக்கும் பூஸ்டர் சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். வைத்தே தீர வேண்டும் என்றால் மாடியில் ஆன்டெனாவின் அடியிலேயே வைக்க வேண்டும். முதலில் உயரம், பிறகு திசை, பிறகு இணைப்பு. இவை மூன்றும் சரியாக இருந்தால் பூஸ்டர் தேவைப்படுவது அரிது.

100.3-ம் 100.5-ம்

இரண்டு வழிகளும் நேருக்கு நேர் மோதும் இடம் ஒன்று உண்டு. காரைக்கால் வானொலியின் பண்பலை 100.3-இல் இருக்கிறது. கொடைக்கானலின் 100.5-க்கும் அதற்கும் வெறும் 200 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. மதுரைக்காரருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பேராவூரணிக்குக் காரைக்கால் சுமார் 100 கி.மீ., பட்டுக்கோட்டைக்கு 80 கி.மீ. சொச்சம், கொடைக்கானல் அதைப்போல இரண்டு மடங்கு தூரம். கிழக்கே போகப் போக ஒன்று ஏறுகிறது, மற்றது இறங்குகிறது. பனி விழும் மார்கழி, தை விடியற்காலைகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து மேலே வெப்பமாக நிற்கும்போது, தொலைவிலிருக்கும் சமவெளி நிலையங்கள் வழக்கத்தைவிடப் பலமாக வந்துவிடும். அப்போது 280 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டர் உள்ள செட்டில் இரண்டு நிலையமும் கலந்துதான் கேட்கும்.

இங்கே நல்ல செட் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. ஃபில்டரை 84-க்கோ 60-க்கோ குறுக்கினால் 100.3 ஒதுங்கிவிடும். இசையின் கூர்மை கொஞ்சம் மழுங்கும், பேச்சுக்குப் பாதகமில்லை.

மாடி யாகி இதே வேலையை வேறு வழியில் செய்கிறது. அதற்கு அலைவரிசை வித்தியாசம் தெரியாது, திசை தெரியும். பேராவூரணியிலிருந்து கொடைக்கானல் மேற்கே, காரைக்கால் வடகிழக்கே. மேற்கைப் பார்த்து நிற்கும் யாகிக்குக் காரைக்கால் முதுகுப்பக்கம் போய்விடுகிறது. இன்னும் நுணுக்கமாகச் செய்ய விரும்பினால் யாகியை நேர் மேற்கிலிருந்து கொஞ்சம் வடமேற்காகத் திருப்புங்கள். யாகி மிகக் குறைவாக வாங்குவது அதன் கம்பி முனைகள் நீட்டியிருக்கும் பக்கவாட்டில். அந்தப் பக்கவாட்டைக் காரைக்காலுக்கு நேராகக் கொண்டுவரக் கொண்டுவர, கொடைக்கானல் சிறிதளவே இறங்கும், காரைக்கால் பெரிதாக விழும். வேண்டிய நிலையத்தை நோக்கித் திருப்புவதைவிட வேண்டாத நிலையத்தை ஒதுக்கித் திருப்புவது பல இடங்களில் நல்ல பலன் தருகிறது. இதைச் செய்துபார்த்தவர்கள் குறைவு.

ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் வந்தால் செட்டுக்கு வழியே இல்லை. இரண்டும் ஒரே கதவு வழியாக வருகின்றன. பண்பலையின் இயல்புப்படி பலமானது மற்றதை அமுக்கிவிடும். கடலோரத்தில் இலங்கை நிலையமும் நம் நிலையமும் ஒரே எண்ணில் மோதும்போது திசை பிரிக்கும் ஆன்டெனா மட்டுமே தீர்ப்புச் சொல்ல முடியும்.

ஆன்டெனாவும் தோற்கும் இடம் உண்டு. நகரத்தை ஒட்டிய ஊர், இரண்டு மூன்று கிலோமீட்டரில் தனியார் பண்பலைக் கோபுரம். அங்கே மாடி யாகியைச் சாதாரண செட்டில் மாட்டினால் அந்தக் கோபுரத்தின் சிக்னல் செட்டைத் திக்குமுக்காட வைத்துவிடும். ஒரே நிலையம் திருகும் இடமெல்லாம் கேட்கும்; தூரத்து நிலையம் இருந்த சுவடே இருக்காது. பூஸ்டரும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். இப்படிப்பட்ட இடத்தில் பணத்தை நல்ல செட்டில் போடுவதே சரி. நான் மேலே சொன்ன வீண் செலவு இதுதான்.

வாடகை வீட்டில் இருப்பவர், வயலுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் செட்டைக் கூடவே எடுத்துப்போகிறவர், மாடி இல்லாத ஓட்டு வீட்டுக்காரர் ஆகியோருக்கும் கைச்செட்டே பொருத்தம். ஒரே இடத்தில் நிற்கும் ஆன்டெனா அவர்களுக்கு எதற்கு?

படியேறிப் பாருங்கள்

பணம் போடுவதற்கு முன் கையிலிருக்கும் செட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுங்கள். பேட்டரியில் ஓடட்டும். நேரம் நண்பகலாக இருக்கட்டும். விடியற்காலையில் சோதித்தால் காற்றடுக்கு காட்டும் ஜாலத்தை நம்பி ஏமாறுவீர்கள். கூடத்தில் கரகரப்பாக இருந்தது மாடியில் தெளிந்தால் குறை சிக்னலின் பலத்தில், ஆன்டெனா போடுங்கள். மாடியிலும் வேறு நிலையம் மேலே விழுந்து கலைத்தால் குறை பிரித்தெடுப்பதில். அலைவரிசை எண் வேறாக இருந்தால் செட், ஒரே எண்ணாக இருந்தால் யாகி. மாடியிலும் சுத்தமாக ஒன்றும் வரவில்லையா? அப்போது இரண்டுக்கும் பணம் போட வேண்டாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. கூடத்தில் ரேடியோவைப் பேட்டரியில் வைத்து, வீட்டின் மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கினால் எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். மலிவு எல்இடி பல்பு, கைப்பேசி சார்ஜர், இன்வெர்ட்டர், சோலார் கன்ட்ரோலர் எல்லாமே பண்பலை அலைவரிசையில் குப்பை கொட்டக்கூடியவை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடித்து மாற்றினால் செலவு ஒரு பல்போடு முடிந்துவிடும். 100.5-ஐக் கேட்க முடியாத எத்தனையோ வீடுகளில் கொடைக்கானல் மேல் குற்றமில்லை, சமையலறை பல்பின் மேல்தான் குற்றம்.

புயலில் எது நிற்கும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கி வட்டாரம் அதன் பாதையில் இருந்தது. தென்னந்தோப்புகள் சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழந்தன. இந்த வட்டாரத்துக்கு ரேடியோ பொழுதுபோக்கு மட்டுமில்லை என்பதை அந்த வாரம் காட்டியது. மலைமேல் இருக்கும் ஒரு நிலையம் 200 கிலோமீட்டர் தள்ளி நின்று பேசிக்கொண்டிருக்க, மின்சாரமில்லாத வீட்டில் இரண்டு பேட்டரிக்கட்டையில் அதைக் கேட்க முடியும் என்பது சாதாரண விஷயமா?

இந்த ஒரு நாளை வைத்து எடைபோட்டால் தராசு திரும்புகிறது. மாடிக் குழாயில் நிற்கும் யாகி அப்படிப்பட்ட காற்றுக்கு நிற்காது. விழுந்து பக்கத்து வீட்டு ஓட்டை உடைக்காமல் இருந்தாலே பெரிது. கைச்செட் அலமாரிக்குள் பத்திரமாக இருக்கும். புயல் எச்சரிக்கை வந்ததும் யாகியைக் குழாயோடு இறக்கிப் படுக்க வைத்துவிடுங்கள். புயல் ஓய்ந்த பிறகு, பக்கத்துக்கு 71 செ.மீ. கம்பியும் பத்து மீட்டர் கேபிளும் சுருட்டி வைத்திருந்தால் சாய்ந்த மரத்தின் கிளையில்கூடக் கட்டிக் கேட்கலாம்.

இடியும் இதே கணக்கில் சேர வேண்டியது. வெட்டவெளியில் தனியாக நிற்கும் வீட்டு மாடியில் இரும்புக் குழாய் நட்டால் அதன் அடியிலிருந்து தடித்த கம்பியைத் தரைக்குள் இறக்கி எர்த் செய்தே ஆக வேண்டும். மின்கம்பி போகும் பக்கம் குழாயை நடவே கூடாது. விழுந்தால் கம்பிமேல் படாத தூரம் இருக்க வேண்டும். கைச்செட்டுக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

இத்தனையையும் எடைபோட்ட பிறகும் என் முடிவு மாறவில்லை. சொந்த மாடி உள்ள, நகரக் கோபுரத்துக்குத் தள்ளியிருக்கும் கிராமத்து வீடு என்றால் பணத்தை முதலில் ஆன்டெனாவில் போடுங்கள். பழைய செட்டே புது செட்டாகிவிடும். அடுத்த அறுவடையில் பணம் வந்தால் டிஎஸ்பி செட் வாங்குங்கள். அப்போது அது யாகியின் கீழே முழுத் திறமையையும் காட்டும். வாங்கும் செட் கடையில் எளிதாகக் கிடைக்கும் பேட்டரிக்கட்டையில் ஓடுவதாக இருக்கட்டும். இடி முழக்கம் தூரத்தில் கேட்கும்போதே கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். இதை வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்து வையுங்கள்.